பின்னாடி உக்காரத் தெரியணும்

தள்ளி உக்காரு தாயி, நானும் செத்த நேரம் உக்காந்துக்கிறேன். இந்த பஸ் ஸ்டாப்புலதான் கொஞ்சம் நெழலு இருக்கு. கோயில் மண்டபத்துக்குள்ள நிக்க முடியல, கறிவாடையும் வேக்காடுமா கெடக்கு.

என்னையத் தெரியுமா ஒனக்கு? தெரியாது. ஓன் கல்யாணத்துக்கு நான் வரல. அப்ப எனக்கு கோர்ட்டு வக்கீலுன்னு அலைச்சல். ஓன் மாமியா பாண்டியம்மாளுக்கு நான் ஒண்ணுவிட்ட அக்கா, பேச்சியம்மா. ஒனக்கு பெரியத்தை ஆகணும். ஓம்புருஷன் காளிராஜ் இருக்கானே, அவன் சின்னப்புள்ளயில என் மடியிலதான் கெடப்பான்.

ஓன் மாமியாதான் என்னைய அனுப்புனா. மருமக புள்ளயத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புல போயி உக்காந்துட்டா, நீ போயி ரெண்டு வார்த்த சொல்லுக்கா, நான் சொன்னா கேக்க மாட்டான்னா. என்னடி விஷயம்னு கேட்டேன். காளி குடிச்சிருக்கானாம், அவன் வண்டியில நீ ஏற மாட்டியாம், பஸ்ஸுலதான் போவேன்னு சொல்லிட்டியாம். இதுக்குத்தானா இம்புட்டு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறன்னு நான் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. எனக்கு இது தெரிஞ்ச விஷயம். என் வீடு பாழாப்போனது இதுலதான். அதான் வேகுவேகுன்னு வந்தேன்.

அந்தா நிக்கிறான் பாரு, வேப்பமரத்தடியில, வண்டியப் புடிச்சுக்கிட்டு. இங்கயேதான் பாக்குறான். கெடா வெட்டுக்கு வந்தா ஆம்பளைக குடிக்கத்தான் செய்வாக. சாமிக்கே சாராயம் படைக்கிறோம், அவுக நாக்கு மட்டும் மண்ணா? ஒரு கூட்டத்துக்குள்ள வந்து அவன் மட்டும் எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா என்ன சொல்வாக? பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சொல்வாக. 

புள்ளய இப்படிக் குடு. எம்புட்டு நேரமாத் தூக்கிட்டு இருக்க, கை கடுக்கும். அட குடு தாயி, நான் என்ன தின்னுறவா போறேன். அசந்து தூங்குது பாரு. மொகம் அப்படியே காளிதான். பஸ் வரும்போது வரட்டும், அதுவரைக்கும் நான் சொல்றதக் கேளு. கேட்டுட்டு அப்புறம் ஓன் இஷ்டம்.

நான் வாக்கப்பட்டு வந்த காலத்துல எங்க வீட்டுக்காரரு ஒரு டி.வி.எஸ். வண்டி வச்சிருந்தாக. ஊருக்குள்ள அப்ப வண்டி வச்சிருந்தது ரெண்டே பேரு. சந்தைக்குப் போனா, கல்யாணத்துக்குப் போனா, எழவுக்குப் போனா குடிதான். குடிச்சுட்டு வண்டிதான். ஒருநா வைக்கப்படப்புல கொண்டுபோயி வண்டிய விட்டுட்டு, அதுலயே படுத்துத் தூங்கிட்டாக. விடிஞ்சு மாட்டுக்கு வைக்கோல் எடுக்க வந்தவுக பாத்துட்டு, ஊரே கூடி சிரிச்சுச்சு. நானுந்தான் சிரிச்சேன். ரொம்ப நாளைக்கு அதையே சொல்லிச் சொல்லி சிரிப்பாக. எங்க வீட்டுக்காரருக்கு அதுல ஒரு பெருமை. அப்படி இருந்துச்சு அப்ப.

பின்னாடி உக்காந்து போறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு தாயி. ஒங்க ஆத்தா சொல்லித் தரல போல. புருஷன் நெதானத்துல இல்லன்னா பொம்பள நெதானத்துல இருக்கணும். நான் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு கையி அவுக இடது தோள்ல, ஒரு கையி வலது தோள்ல. வண்டி வலது பக்கம் ஓடுச்சுன்னா இடது தோள்ல தட்டுவேன். இடது பக்கம் ஓடுச்சுன்னா வலது தோள்ல. லாரி வந்துச்சுன்னா ரெண்டு தோளையும் அமுக்குவேன், நின்னுருவாக. பேசக்கூடாது. பேசுனா கோவம் வந்துரும், கோவம் வந்தா முறுக்குவாக. இப்படித்தான் நான் இருபது இருபத்தஞ்சு வருஷம் அவுகளக் கொண்டாந்து வீடு சேத்தேன். ஓட்டுனது அவுகளா நானா, நீயே சொல்லு. எங்க ஊர்ல அப்புறம் வண்டி வாங்குனவன் பொண்டாட்டி எல்லாருக்கும் இது தெரியும்.

விழுகவே இல்லையான்னு கேக்குறியா? விழுந்திருக்கேன். ஏன் விழுகாம? ஒருக்க ஓடைப்பாலத்துல சறுக்கி விழுந்தேன். இந்தக் காலு கொஞ்சம் இழுக்குதுல்ல, அது அப்ப வந்தது. அப்ப நான் முழுகாம இருந்தேன், நாலோ அஞ்சோ மாசம். அது தங்கல. அதுக்கென்ன, அடுத்த வருஷமே என் மகன் சோலைராஜ் பொறந்துட்டான். அவுக மேல ஒரு வார்த்த நான் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு மாவாட்டும்போது வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன். குடும்பம்னா அப்படித்தான்.

அவுக செத்தது கூட வண்டியில இல்ல தெரியுமா. ஈரல் கெட்டு வீட்டுல கட்டில்ல செத்தாக. குடிச்சுட்டு வண்டி ஓட்டுனா செத்துருவாக செத்துருவாகங்கிறாங்களே, எங்க வீட்டுக்காரரு சாகலையே.

இன்னொண்ணு சொல்றேன், இது முக்கியம், கவனமாக் கேளு. ஒருக்க அவுக போதையில வந்து, கீரை வித்துக்கிட்டுப் போன ஒரு பெரியாள் மேல ஏத்திட்டாக. சடையன்னு பேரு. காலு முட்டிக்குக் கீழ நொறுங்கிப்போச்சு. அவரு பங்காளிக நாலு பேரு அரிவாளோட வீட்டு முன்னாடி வந்து நிக்கிறாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்ப எங்க மாமியா வெளிய வந்து நடுவுல விழுந்து ஒரே ஒரு வார்த்ததான் சொன்னாக. "எம்மகன் நெதானத்துல இல்லய்யா, குடிச்சிருந்தான், நெதானத்துல இருந்தா இப்படிச் செய்வானா?" அம்புட்டுத்தான். வந்தவங்க மொகம் அப்படியே எறங்கிருச்சு. போதையில நடந்ததாப்பா, வேணும்னு செஞ்சதில்லையான்னு கேட்டாங்க. மறுநா கூட்டம் போட்டுப் பேசி, சடையனுக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்தோம். முடிஞ்சுபோச்சு. போலீசுகாரரு கூட, குடிச்சிருந்தா பாவம் அவரு என்ன பண்ணுவாருன்னுட்டுப் போனாரு. சடையன் அப்புறம் கோயில் வாசல்ல உக்காந்திருந்தாரு கொஞ்ச காலம். நான்தான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சோறு குடுப்பேன்.

அப்ப அந்த ஒரு வார்த்தைக்கு அம்புட்டு மதிப்பு. குடிச்சிருந்தான்னு சொன்னா விட்டுருவாக. இப்பக் கேளு.

எம்மகன் சோலைராஜுக்கு சிவகாசியில பொண்ணெடுத்தோம். வினோதினின்னு பேரு. காலண்டர் போடுற பிரஸ்ஸுல கணக்கெழுதுறவ. படிச்ச புள்ள, நல்ல நெறம், எனக்கும் சந்தோசந்தான். ஆனா வந்த மொத மாசமே ஆரம்பிச்சுட்டா. குடிச்சா வண்டியத் தொடக்கூடாதுன்னா. எம்மகனும் சரின்னுட்டான். சரின்னு சொன்னா பரவால்ல தாயி, அதன்படியே நடந்தான். எங்கயாவது விசேசத்துல ஒரு வாய் குடிச்சான்னா வண்டிய அங்கனயே விட்டுட்டு பஸ்ஸுல வருவான். மறுநா போயி எடுத்துட்டு வருவான். வண்டி வச்சிருக்கவன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வாரான், எனக்கு நாக்கப் புடுங்கிக்கிறலாம் போல இருக்கும். ஊரு சிரிக்கும்னு பாத்தேன். ஒருத்தரும் சிரிக்கல. அதான் எனக்கு ஆச்சரியம். பக்கத்து வீட்டு பொன்னுத்தாயி என்கிட்ட வந்து, ஓன் மருமக நல்லாப் பழக்கிருக்கா மதினி, எங்க வீட்டுலயும் சொல்லச் சொல்லுங்கிறா. இவ புருஷன் எங்க வீட்டுக்காரரு கூடச் சேந்து வைக்கப்படப்புல கெடந்தவன்.

காலம் அப்படித் தலைகீழா மாறிப்போச்சு. ரோட்டுல மறிச்சு ஊதச் சொல்றான். தரகரு வந்தா, மாப்பிள்ள குடிப்பாரான்னு கேக்குறதில்ல, குடிச்சுட்டு வண்டி ஓட்டுவாரான்னு கேக்குறாங்க. ஒரு ஆம்பளைய இப்படியெல்லாமா கேக்குறது? ஆமா, நீயும் அப்படிக் கேட்டுத்தான் காளியக் கட்டுனியா? சிரிக்கவும் மாட்டேங்கிற.

சரி, விஷயத்துக்கு வாரேன். என் மூத்த மக செல்லத்தாயி, அவ மகனுக்குக் காதுகுத்து வச்சாக. எம்மகன் தாய்மாமன். தாய்மாமன்னா சும்மாவா? அன்னைக்கு அவன்தான் ராசா. மேளதாளத்தோட சீர்வரிசை எடுத்துட்டுப் போனோம். புது வேட்டி சட்டை, கழுத்துல மாலை. வண்டியில அவன் முன்னாடி வர, நாங்க தாம்பாளத்தோட பின்னாடி நடந்து வாரோம். ஊர் வாசல்ல நின்னு பாத்துச்சு. என் நெஞ்சு நெறஞ்சுபோச்சு தாயி. 

காது குத்தி, கறிச்சோறு போட்டு, சம்பந்தி வீட்டு ஆம்பளைக எம்மகனத் தனியாக் கூட்டிட்டுப் போனாக. தாய்மாமனுக்கு ஊத்தாம அனுப்புனா அவுகளுக்கு மரியாதை இல்ல, குடிக்காம வந்தா நமக்கு மரியாதை இல்ல. இவன் வேண்டாங்கிறான்னு சொல்லி அனுப்புனாக. நானே போனேன். சம்பந்தி குடுக்குறத மறுக்கக் கூடாதுடான்னு சொல்லி டம்ளர எடுத்து அவன் கையில குடுத்தேன். ஒண்ணு குடிச்சான். அப்புறம் ரெண்டு மூணு. அதுக்கப்புறம் நான் எண்ணல.

பொழுது சாயப் பொறப்புடுறோம். மருமக வந்து அவன் மொகத்தப் பாத்தா, பாப்பாவத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்பப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டா. என் பேத்தி தாயி, நாலு வயசு. சம்பந்தி வீட்டு சனம் அம்புட்டும் வாசல்ல நிக்கிது, தாய்மாமன வழியனுப்ப. இவனும் என்ன சொன்னான் தெரியுமா? "அம்மா, வண்டி இங்கயே கெடக்கட்டும், நானும் அவ கூடவே பஸ்ஸுல வந்துர்றேன்"னான். மாலையப் போட்டுக்கிட்டு, மேளத்தோட வந்தவன், எல்லாரும் பாக்க பஸ் ஸ்டாப்புல போயி நிக்கிறதா? சம்பந்திக்காரி சேலையால வாயப் பொத்திக்கிட்டா. அவ சிரிச்சாளோ என்னமோ, எனக்குச் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

வேகமாப் போயி பாப்பாவ அவ இடுப்புலருந்து புடுங்குனேன். ஏம் புடுங்கக்கூடாது? அது என் பேத்தி. அப்பன் வண்டி இருக்கும்போது அது எதுக்குப் பஸ்ஸுல போகணும்? கொண்டாந்து வண்டி டேங்கு மேல ஒக்கார வச்சேன். சாவிய அவன் கையில நான்தான் திணிச்சேன். பாப்பா கைகொட்டிச் சிரிச்சுச்சு, அதுக்கு முன்னாடி உக்காந்து போறதுன்னா அம்புட்டு இஷ்டம். ஏறு புள்ள, பின்னாடி ஏறிப் புடிச்சுக்கன்னு அவளைச் சொன்னேன். கேக்கல. அத்தை, புள்ளயக் குடுங்க, புள்ளயக் குடுங்கன்னு அதையே சொல்றா. நான் அவனப் பாத்து, ஆம்பளையா இருந்தா வண்டிய எடுறான்னேன். எடுத்துட்டான்.

அவ ரோட்டுல பின்னாடியே ஓடுனா. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஓடுறா. அதுக்கு ஏறி உக்காந்திருக்கலாம்ல?

ஊருக்குப் பிரியுற வெலக்கு ரோட்டுல ஜல்லி கொட்டி வச்சிருந்தான். வீடு கட்டுறவன் ரோட்டுல ஜல்லி கொட்டலாமா? அவனப் புடிச்சாங்களா? புடிக்கல. வண்டி அதுல சறுக்கிருச்சு. இவனுக்குக் கை ஒடிஞ்சுது. பாப்பா தூரப் போயி விழுந்துருச்சு. அவ ஓடிப்போயித் தூக்கும்போது உசுரு இருந்துச்சுன்னு சொல்றாங்க, நான் பாக்கல. 

எனக்குப் பேத்தி இல்லாமப் போச்சு. நான் இன்னைக்கும் அழுகுறேன். ஆனா ஒண்ணு, பின்னாடி ஒரு ஆளு ஏறி உக்காந்து புள்ளயச் சேத்துப் புடிச்சிருந்தா, புள்ள போயி விழுந்திருக்குமா? சொல்லு. வண்டி வளைஞ்சப்ப தோள்ல ஒரு தட்டு தட்டியிருந்தா சறுக்கியிருக்குமா? இத நான் எழவு வீட்டுலயே அவகிட்ட கேட்டேன். எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன். அவ என்ன சொல்வா? அங்க இருந்த பொம்பளைக என்னைய வெளிய போகச் சொன்னாளுக. என் வீட்டுலருந்து என்னைய.

ஏன் இப்படிப் பாக்குற? புள்ள கையக் கால ஆட்டுது, நான் தட்டிக் குடுக்குறேன், நீ சும்மா இரு. பஸ்ஸு இன்னும் வரல. 

ஆஸ்பத்திரிக்குப் போலீசு வந்துச்சு. எஸ்.ஐ. ஒரு சின்னப் பொம்பளப்புள்ள, ஓன் வயசுதான் இருக்கும், தொப்பியும் லத்தியுமா. எப்படி நடந்துச்சுன்னு கேக்குறா. மருமக சொவத்தப் பாத்து உக்காந்திருக்கா. இவன் மயக்கத்துல கெடக்கான். யாராச்சும் பேசணும்ல? எனக்கு எங்க மாமியா ஞாபகம் வந்துருச்சு. ஒரே ஒரு வார்த்தையில எங்க வீட்டுக்காரரக் காப்பாத்துன மகராசி. நான் அந்தப் புள்ள கால்ல விழுந்து சொன்னேன். "எம்மகன் நெதானத்துல இல்லம்மா, நல்லாக் குடிச்சிருந்தான், நெதானத்துல இருந்தா பெத்த புள்ளைய இப்படிச் செய்வானா?" ஒருக்கச் சொல்லல, பத்து தடவ சொன்னேன். டாக்டருகிட்டயும் சொன்னேன். நர்சுககிட்டயும் சொன்னேன். அந்த எஸ்.ஐ. புள்ள மொகம் எறங்கும்னு பாத்தேன். எறங்கல. இறுகிருச்சு. எவ்வளவு குடிச்சாரு, யாரு குடுத்தாங்கன்னு மறுபடி மறுபடி கேட்டு எழுதுனா. நானும் விடாமச் சொன்னேன், நெறையக் குடிச்சிருந்தான்னு. கொறைச்சுச் சொன்னா நெதானத்துல இருந்தான்னு நெனச்சுருவாகல்ல?

அப்புறம் வக்கீலு வந்து என்னையத் திட்டுனாரு. கை ஆபரேசன் அவசரத்துல ரத்தம் எடுக்காம விட்டுட்டாங்களாம், குடிச்சதுக்கு ஒரு ஆதாரமும் இல்லையாம், சம்பந்தி வீட்டுல ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்களாம். ஏம்மா நீங்க சொன்னீங்க, நாயி குறுக்க வந்துச்சுன்னு சொல்லியிருந்தா அபராதத்தோட விட்டிருப்பாங்களேங்கிறாரு. நாயி குறுக்க வந்துச்சுன்னா, அப்ப எம்மகன் நல்ல நெதானத்துல இருந்து புள்ளயக் கொன்னுட்டான்னு ஆயிராதா? அது எவ்வளவு பெரிய பழி. படிச்ச வக்கீலுக்கு இது தெரியல பாரு. கோர்ட்டுல மாத்திச் சொல்லுங்கன்னாரு. மாத்துவனா நானு?

கூண்டுல ஏறி நின்னு, தெளிவா, சத்தமாச் சொன்னேன். குடிச்சிருந்தாம்மா, டம்ளர நானே கையில குடுத்தேன், தாய்மாமன்ல, எல்லாருந்தான் குடுத்தாங்கன்னேன். ஜட்ஜும் ஒரு அம்மாதான். கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாத்துச்சு. குடிச்சிருந்தது தெரிஞ்சுமா குழந்தைய வண்டியில ஏத்துனீங்கன்னு கேட்டுச்சு. என்ன கேள்வி இது? அப்பன் வண்டியில ஏத்தாம அடுத்தவன் வண்டியிலயா ஏத்துவேன்னு கேட்டேன். அந்தம்மா அதையும் எழுதிக்கச் சொல்லுச்சு.

அடுத்தது மருமக. அவளையும் கேட்டாங்க, ஒங்க கணவர் குடிச்சிருந்தாரான்னு. நான் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, சொல்லு தாயி, சொல்லு, புருஷனக் காப்பாத்துன்னு உள்ளுக்குள்ள வேண்டுறேன். அந்தப் பாதகத்தி என்ன சொன்னா தெரியுமா? "எனக்குத் தெரியாது, நான் முன்னாடியே நடந்துட்டேன்"னுட்டா. தெரியாதாம். மொகத்துக்கு நேரா நின்னு பாத்தவளுக்குத் தெரியாதாம். ஆமா, குடிச்சிருந்தாருன்னு அவளும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தாயும் சொல்றா, பொண்டாட்டியும் சொல்றான்னு விட்டிருப்பாகளா இல்லையா? அந்த ஒரு வார்த்தைய அவ வாயில இருந்து வரவழைக்க முடியல. எம்மகனுக்குத் தண்டனை போட்டாங்க. தீர்ப்பப் படிக்கும்போது என் பேரத்தான் சொல்லிச் சொல்லிப் படிச்சாங்க, தாயாரின் வாக்குமூலம், தாயாரின் வாக்குமூலம்னு. என்னையத்தான் மதிச்சிருக்காங்க. மருமக பேச்ச எவன் மதிச்சான்? இருந்தும் உள்ள போட்டாங்க, அவ உறுதியாச் சொல்லாததாலதான்.

ஜெயிலுக்குப் போனாலும் பாக்க முடியல. மனு எழுதிக் குடுத்துட்டு வெளிய காத்துக் கெடப்பேன். பேரு கூப்புட மாட்டாங்க. கேட்டா, ஒங்க மகன் வரலைன்னுட்டாருங்கிறான் அந்தப் போலீசுகாரன். பெத்த தாயப் பாக்க வர மாட்டேன்னு எந்த மகனாச்சும் சொல்வானா? இவனுக இடையில மறிக்கிறானுக. ஆனா அவ போனா மட்டும் வந்து பாக்குறானாம். கம்பி வலைக்கு அங்கிட்டு அவன் அழுகுறானாம், இங்கிட்டு இவ அழுகுறாளாம். பெத்த புள்ளய பறிகொடுத்தவ, அதச் செஞ்சவனப் போயிப் பாக்குறாளே, என்ன சென்மம்? என்னமோ மருந்து வச்சிருக்கா அவனுக்கு.

தெருவுல இப்ப ஒருத்தி என்கிட்ட பேசுறதில்ல. பொன்னுத்தாயி வீட்டு வாசல்ல நின்னா அவ பேரப்புள்ளைகள உள்ள கூட்டிட்டுப் போயிர்றா. விசேசத்துக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறதில்ல. இங்க கூட ஓன் மாமியா அழைக்கல, நானாத்தான் சாமி கும்பிட வந்தேன். வந்த எடத்துல இப்படி ஒரு காரியத்துக்குக் கூப்புட்டா பாரு, மத்தவளுக மாதிரி இல்ல அவ. அவளுக்குத் தெரியும், இதச் சொல்ல என்னைய விட்டா ஆளு இல்லைன்னு.

அதுக்குத்தான் சொல்றேன். நீ சின்னவ. எந்திரிச்சுப் போயி காளி வண்டியில ஏறு. மானம் போறது அவனுக்கு மட்டும் இல்ல, ஒனக்குந்தான். அவன் எம்புட்டுக் குடிச்சிருந்தா என்ன, நீ நெதானத்துல இருக்கேல்ல? 

தலைய ஆட்டுற. மாட்டியா? இம்புட்டு சொல்லியும் மாட்டியா?

அந்தா பஸ்ஸு வருது. எந்திரிக்காத. ஏன் கைய நீட்டுற? பொறு. புள்ளய நான் வச்சிருக்கேன்ல, விடு, சேலைய இழுக்காத, தூக்கம் கலைஞ்சு அழுகுது பாரு.

நீ பஸ்ஸுல போறதுன்னா போ. ஒன்னைய யாரும் மறிக்கல. புள்ள அவுக அப்பன் கூட வரட்டும். டேய் காளி, வண்டிய எடுறா, இங்கிட்டு ரோட்டுக்குக் கொண்டா. இந்தா புடி. முன்னாடி வச்சுக்க, சிரிச்சுக்கிட்டு நிக்காத, ஒரு கையால புடி. ஒரு காலக் கீழ ஊனு.

நீ எதுக்குய்யா எறங்கி வார, கண்டக்டரு? ஒனக்கு டிக்கெட்டுதான வேணும்? அவன் தள்ளாடுறது எனக்குத் தெரியும், கைப்புள்ளைன்னும் எனக்குத் தெரியும். எங்க வீட்டுப் புள்ள. நாங்க பாத்துக்கிறோம். யாரு அது, பஸ்ஸு ஜன்னல்ல நின்னுக்கிட்டு செல்போன்ல படம் புடிக்கிறது? புடி, நல்லாப் புடி. ஒங்க வீட்டுல யாரும் குடிக்கிறதே இல்லையா? எல்லாரும் உச்சுக் கொட்டுறீங்களே, எறங்கி வந்து புள்ளய வாங்க ஒருத்தரும் காணோம். கண்டக்டரு, நீ விசில ஊது, நேரமாகுதுல்ல ஒனக்கு. போங்க.

பஸ்ஸு போயிருச்சு தாயி. இன்னும் என்ன ரோட்டுல நின்னுக்கிட்டு? அவன் கெளம்பிட்டான், வண்டி நகருது, புள்ள அழுகுது. அத்தை அத்தைன்னு என்னைய எதுக்குக் கூப்புடுற, நானா ஓட்டப்போறேன். ஓடு.

ம். ஏறிட்ட. அம்புட்டுத்தான், எட்டிப் புள்ளய ரெண்டு கையாலயும் சேத்துப் புடிச்சுக்க. அழாத. பெத்த தாயின்னா இப்படித்தான் ஏறணும், இதத்தான் எங்க வீட்டுக்கு வந்தவ செய்யல. போடா காளி, நேரா வீட்டுக்குப் போ.